காசல்மேன் நோய்: நெறிக்குள் ஹெர்பிஸ் வைரஸ் இருந்தால் முதல் மருந்து எது?

காய்ச்சல் வரும். ஒரு வாரம் ஆளைப் புரட்டிப் போடும். பிறகு தானாகவே தணிந்து, பத்து இருபது நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். மறுபடியும் வரும். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கும். இரவில் வேர்த்து உடுப்பு நனையும், எடை குறையும், காலில் நீர் கோக்கும். காசநோய்க்குப் பரிசோதிப்பார்கள், டைஃபாய்டு பார்ப்பார்கள், நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்ஃபோமாவாக இருக்குமோ என்று பயப்படுவார்கள். கடைசியில் ஒரு நெறியை முழுசாக வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பிய பிறகுதான் பெயர் தெரியவரும்: உடலில் பல இடங்களில் பரவிய காசல்மேன் நோய், எச்.எச்.வி-8 (மனித ஹெர்பிஸ் வைரஸ்-8) பாசிட்டிவ்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சில்டுக்சிமாப் என்ற மருந்து. காசல்மேன் நோய்க்கென்றே அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்றது அது. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பது ரிட்டுக்சிமாப். ‘நமக்கு ஏன் அந்த மருந்தைத் தரவில்லை, விலை காரணமா, விவரம் தெரியாமலா?’ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்பதையும், ஏன் என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன். அறிக்கையின் கடைசியில் இருக்கும் அந்த ‘எச்.எச்.வி-8 பாசிட்டிவ்’ என்ற சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரே பெயர், வெவ்வேறு நோய்கள்

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நோய்க்கூறு மருத்துவராக இருந்த பெஞ்சமின் காசல்மேன் 1954இல் ஒரு நோயாளியையும், 1956இல் 13 நோயாளிகளையும் விவரித்து எழுதினார். அவர் பார்த்தது ஒரே இடத்தில், பெரும்பாலும் நெஞ்சுக்குள், நெறி பெரிதாகி நிற்கும் வகை. அந்த வகைக்கு இன்றைக்கும் அறுவைதான் வழி. முழுசாக வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அதோடு கதை முடிந்தது.

பல இடங்களில் பரவும் வகை வேறு கதை. அதற்குள்ளேயே வைரஸால் வருவது ஒன்று, காரணம் தெரியாமல் வருவது இன்னொன்று. 1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் இருவரும் கபோசி சார்கோமா என்ற புற்றுக்கட்டியிலிருந்து ஒரு புதிய ஹெர்பிஸ் வைரஸின் மரபுத் துணுக்குகளைக் கண்டுபிடித்தார்கள். மனிதரைத் தாக்கும் எட்டாவது ஹெர்பிஸ் வைரஸ் அது, அதாவது எச்.எச்.வி-8. அடுத்த ஆண்டே பிரான்ஸில் ஒரு குழு பழைய காசல்மேன் மாதிரிகளில் இந்த வைரஸைத் தேடிப் பார்த்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் மாதிரிகள் 14. பதினான்கிலும் வைரஸ் இருந்தது. எச்.ஐ.வி. இல்லாதவர்களின் மாதிரிகள் 17. அவற்றில் 7இல் இருந்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. எச்.ஐ.வி.யோடு காசல்மேன் வந்தால் வைரஸ் இருப்பதாகவே எண்ணித் தேட வேண்டும். எச்.ஐ.வி. இல்லை என்பதற்காக வைரஸ் இருக்காது என்று விட்டுவிடவும் கூடாது.

வைரஸ் குடியிருக்கும் இடம்

எச்.எச்.வி-8 பெரும்பாலும் எச்சில் வழியாகப் பரவுகிறது. அக்கி, சின்னம்மை உண்டாக்கும் வைரஸின் உறவுக்காரன்தான். உடம்புக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியேறுவதில்லை. ஆனால் தொற்று உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்துவிடுவார்கள். அது தங்கும் முக்கியமான இடம், வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்கள். எதிர்ப்பொருள் தயாரிப்பதற்காக இருக்கும் செல்கள் அவை. பெரும்பாலான நேரம் வைரஸ் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

காசல்மேன் நோயில் இந்தத் தூக்கம் கலைகிறது. வெட்டியெடுத்த நெறியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வட்ட வட்டமாக நிணநீர் முடிச்சுகள் தெரியும். ஒவ்வொரு முடிச்சையும் சுற்றி வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்குள் சாதாரண செல்களைவிடக் கொஞ்சம் பெரிதாக, உட்கரு வெளிறி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பவைதான் வைரஸ் புகுந்த பி செல்கள். பிளாஸ்மாபிளாஸ்ட் என்பார்கள். வைரஸின் ‘லானா’ என்ற புரதத்துக்கான சாயம் போட்டால் இந்தச் செல்களின் உட்கரு மட்டும் பழுப்புப் புள்ளிகளாக, பொடி தூவியது போல மின்னும். மற்ற செல்கள் நீலமாகவே நிற்கும். உடம்பையே உலுக்கும் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு முடிச்சில் சிதறிக் கிடக்கும் அந்தச் சில செல்கள்தான்.

எப்படி? அந்தச் செல்களில் ஒரு பகுதிக்குள் வைரஸ் விழித்துக்கொண்டு, தன் சொந்த ஐஎல்-6ஐச் சுரக்க வைக்கிறது. ஐஎல்-6 என்பது நம் உடம்பே அழற்சியின்போது சுரக்கும் ஒரு சமிக்ஞைப் புரதம். காய்ச்சலைத் தூண்டுவது, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கல்லீரலைச் சுரக்க வைப்பது எல்லாம் அதன் வேலை. வைரஸின் மரபணுவில் இதற்கு ஒரு நகல் இருக்கிறது. அது நம்முடையதை நாலில் ஒரு பங்குதான் ஒத்திருக்கிறது, ஆனால் வேலை அதே வேலை. இங்கேதான் மருந்துத் தேர்வுக்கான சூட்சுமம் இருக்கிறது. நம்முடைய ஐஎல்-6 ஒரு செல்லைத் தூண்ட வேண்டுமானால், முதலில் ஐஎல்-6 ஏற்பியில் உட்கார்ந்து, பிறகு அந்த ஏற்பியோடு சேர்ந்து ஜிபி130 என்ற இரண்டாவது புரதத்தைப் பிடிக்க வேண்டும். முன்வாசல், உள்வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸின் ஐஎல்-6க்கு முன்வாசல் தேவையில்லை. நேராக உள்வாசலிலேயே போய் உட்கார்ந்துவிடும். ஜிபி130 உடம்பில் அநேகமாக எல்லாச் செல்களிலும் இருப்பதால், அது தூண்ட முடியாத இடமே குறைவு.

இது கிளம்பியதும் நம் உடம்பின் சொந்த ஐஎல்-6, இன்னொரு சமிக்ஞைப் புரதமான ஐஎல்-10 ஆகியவையும் சேர்ந்து ஏறுகின்றன. சி.ஆர்.பி. எகிறும், ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் அல்புமினும் சரியும், மண்ணீரல் வீங்கும். ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கையும் அதே நாட்களில் உச்சத்தில் இருக்கும். காய்ச்சல் தணியும்போது அதுவும் இறங்கும்.

முதலில் பரிசோதனை: எதை நம்புவது?

மருந்தை ஒப்பிடுவதற்கு முன்னால் பரிசோதனைகளை ஒப்பிட்டாக வேண்டும். மூன்று வழிகள் உண்டு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது, ரத்தத்தில் வைரஸையே பிசிஆர் மூலம் எண்ணுவது, நெறியில் லானா சாயம் போட்டுப் பார்ப்பது.

எதிர்ப்பொருள் பரிசோதனையை இந்த முடிவுக்காக எடுப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. என்றோ ஒருநாள் வைரஸைச் சந்தித்திருக்கிறோம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு, வைரஸ் இருந்தும் எதிர்ப்பொருள் காட்டாமல் போகலாம்.

பிசிஆர் பயனுள்ளது. நோய் கிளர்ந்திருக்கும் நாட்களில் ரத்தத்தில் வைரஸ் அநேகமாக எப்போதும் கிடைக்கும். காய்ச்சல், தட்டணுச் சரிவு, நெறிக்கட்டு எல்லாம் இருந்தும் ரத்தத்தில் வைரஸ் துளியும் இல்லை என்றால், வைரஸ் வகைக் காசல்மேன் என்ற சந்தேகம் பெரிதும் குறைந்துவிடும். ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ரத்தத்தின் வெள்ளையணுக்களில் எண்ணுவது ஒன்று, அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவில் எண்ணுவது வேறு. செல்லுக்குள் தூங்கும் வைரஸும் முதல் வகை எண்ணிக்கையில் வந்துவிடும். பிளாஸ்மாவில் கிடைப்பது வெளியே கொட்டப்பட்ட வைரஸ். அதனால் இந்த மாதம் ஒன்றிலும் அடுத்த மாதம் இன்னொன்றிலும் எடுத்துவிட்டு, ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிடுவது வீண் கவலையில்தான் கொண்டு விடும். ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் தீர்ப்பு நெறியில்தான். அதுவும் ஊசியால் உறிஞ்சிய துளியில் அல்ல. முடிச்சு, வளையம், அதற்குள் செல் என்று இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் முழு நெறியாக எடுக்க வேண்டும். ‘மறுபடியும் கத்தியா?’ என்று நோயாளி தயங்குவது இயல்பு. அப்படியிருந்தும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் இருக்கிறது. இதே வைரஸ், காசல்மேன் இல்லாமலேயே அதே காய்ச்சலையும் அதே ரத்த மாற்றங்களையும் உண்டாக்கும் நிலையொன்று 2010இல் விவரிக்கப்பட்டது. அதில் பிசிஆரும் சி.ஆர்.பி.யும் ஏறித்தான் இருக்கும். நெறியில் மட்டும் காசல்மேன் இருக்காது. அப்புறம், ஒரே நெறியில் காசல்மேனும் கபோசி சார்கோமாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். லிம்ஃபோமா ஆரம்பித்திருக்கலாம். ரத்தம் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. எந்த நெறியை எடுப்பது என்பதற்கு பெட்-சி.டி. ஸ்கேன் உதவும். நன்றாக ஒளிரும் நெறியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, வைரஸ் உறுதியாகிவிட்டது. இனி மருந்து.

ஐஎல்-6ஐத் தடுக்கும் மருந்துகள்

சில்டுக்சிமாபிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான். இது நம் உடம்பின் ஐஎல்-6ஐப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்பாக ஏற்றுவார்கள். அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் 79 பேர். மருந்து பெற்ற 53 பேரில் 34 சதவீதத்தினருக்கு நெறியும் அறிகுறிகளும் நீடித்துக் குறைந்தன. வெறும் திரவம் பெற்ற 26 பேரில் ஒருவருக்கும் அப்படிக் குறையவில்லை. நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஆய்வில் எச்.ஐ.வி. உள்ளவர்களையோ எச்.எச்.வி-8 உள்ளவர்களையோ சேர்க்கவே இல்லை. வைரஸின் ஐஎல்-6ஐ இந்த மருந்தால் பிடிக்க முடியவில்லை என்பது அதற்கு முன்பே ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. மருந்தின் குறிப்பேட்டிலேயே இது எழுதியிருக்கிறது.

டோசிலிசுமாப் வேறு வழியில் வேலை செய்கிறது. அது ஐஎல்-6ஐ விட்டுவிட்டு ஏற்பியை, அதாவது முன்வாசலை, அடைக்கும். ஜப்பானில் 2005லேயே காசல்மேன் நோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் முன்வாசலே தேவைப்படாதவனுக்கு முன்வாசலை அடைத்து என்ன செய்வது? நோய் கிளரும்போது நம் சொந்த ஐஎல்-6உம் சேர்ந்து ஏறுவதால் ஓரளவு பலன் இருக்கத்தான் செய்கிறது. வைரஸ் வகை நோயாளிகள் 8 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறிகள் குறைந்தன. அந்தப் பலன் நிலைக்கவில்லை. வைரஸ் குடியிருக்கும் செல் அப்படியே இருக்கிறது, சுரப்பதைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆகவே வைரஸ் இல்லாத வகைக்கு முதல் மருந்தாக இருப்பது இங்கே முதல் மருந்தாக முடியாது. இரண்டு நோய்க்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் தடுமாற்றம் இது.

ரிட்டுக்சிமாப்

இது பி செல்களின் மேல்பரப்பிலுள்ள சி.டி.20 என்ற புரதத்தைப் பிடித்து, அந்தச் செல்களையே அழிக்கும் எதிர்ப்பொருள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நெறியில் பழுப்புப் புள்ளிகளோடு நாம் பார்த்த அந்தப் பிளாஸ்மாபிளாஸ்ட் செல்களில் சி.டி.20 பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அப்படியானால் மருந்து அவற்றைப் பிடிக்கவே கூடாது. ஆனாலும் நோய் அடங்குகிறது. நோயுற்ற செல்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் மற்ற பி செல்களை மருந்து துடைத்துவிடுவதால், வைரஸுக்குப் புதுக் குடியிருப்பு கிடைக்காமல் போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

எண்களைப் பாருங்கள். லண்டனில் 2007இல் வெளியான ஆய்வில் 21 பேர். 20 பேருக்கு அறிகுறிகள் முழுசாக அடங்கின. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 95 சதவீதம். அதே ஆண்டு பிரான்ஸில் கீமோவை நிறுத்தினாலே நோய் திரும்பும் நிலையிலிருந்த 24 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். 60ஆம் நாளில் 22 பேர் கீமோ இல்லாமல் நலமாக இருந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அப்படியே இருந்தவர்கள் 17 பேர். இந்த நோய் வந்தால் சில ஆண்டுகள்கூடத் தாங்காது என்றிருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் கனம் புரியும்.

இன்னொரு எண்ணை நான் இவற்றைவிடப் பெரிதாக மதிக்கிறேன். எச்.ஐ.வி.யோடு இந்தக் காசல்மேன் உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா வரும் வாய்ப்பு மிக அதிகம். எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்களைவிட ஏறத்தாழ 15 மடங்கு என்று 2002இல் பிரெஞ்சு ஆய்வொன்று கணக்கிட்டது. பிறகு 113 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், ரிட்டுக்சிமாப் பெறாதவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 70 பேர் என்ற வீதத்தில் லிம்ஃபோமா வந்தது. பெற்றவர்களில் ஏறத்தாழ 4 பேர். இன்றைய காய்ச்சலைத் தணிப்பதோடு நாளைய புற்றுநோயையும் இவ்வளவு தூரம் தள்ளி வைக்கும் மருந்து இந்த ஒப்பீட்டில் வேறொன்று இல்லை. முதல் தேர்வு இதுதான் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஓர் ஆய்வு.

குறைகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசக் கூடாது. முதலாவது, கபோசி சார்கோமா. அதே வைரஸ் ரத்தக்குழாய்ச் சுவர் செல்களில் உண்டாக்கும் கட்டி அது. தோலில் ஊதா, பழுப்பு நிறத்தில் தழும்பு போல வரும். ரிட்டுக்சிமாபால் இது தூண்டப்படுகிறது. மேலே சொன்ன 24 பேரின் பிரெஞ்சு ஆய்வில் கபோசி இருந்த 12 பேரில் 8 பேருக்கு அது மோசமானது. இரண்டாவது, ஹெபடைடிஸ் பி. என்றோ வந்து அடங்கிப்போன அந்தத் தொற்று, பி செல்கள் அழிந்ததும் விழித்துக்கொண்டு கல்லீரலைக் காவு வாங்கலாம். முதல் ட்ரிப்புக்கு முன்னால் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது. மையப் புரதத்துக்கான எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் தடுப்பு மாத்திரையோடுதான் தொடங்குவார்கள். மூன்றாவது, முதல் ட்ரிப்பின்போது குளிர் நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு. மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நான்காவது, இந்த மருந்துக்குக் கொஞ்ச நாள் அவகாசம் வேண்டும். சிலரிடம் அந்த அவகாசம் இருப்பதில்லை.

கூட ஒரு கீமோ சேர்ப்பதா?

உண்மையில் ஆலோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். ரிட்டுக்சிமாபா வேறா என்பது அல்ல கேள்வி. ரிட்டுக்சிமாப் மட்டுமா, அதோடு இன்னொன்றுமா?

தோலிலோ வாயிலோ உள்ளுறுப்பிலோ கபோசி இருந்தால் லைபோசோமல் டாக்ஸோரூபிசினைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. கொழுப்புக் குமிழில் அடைத்த டாக்ஸோரூபிசின் அது, கபோசிக்கே நேரடி மருந்து. ரிட்டுக்சிமாப் ஒரு பக்கம் கபோசியைக் கிளப்பினால் இது மறுபக்கம் அமுக்கும். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 17 பேருக்கு இந்தச் சேர்க்கையை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து 2014இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 81 சதவீதம், நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69 சதவீதம். இந்த எண்ணை லண்டன் எண்ணோடு பக்கத்தில் வைத்து ‘95 பெரிதா 81 பெரிதா’ என்று பார்க்க வேண்டாம். காலக்கணக்கும் வேறு, நோயாளிகளும் வேறு. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு இந்த அரிய நோயில் இல்லை. வெள்ளையணுக் குறைவு, உள்ளங்கை உள்ளங்கால் தோல் சிவந்து உரிவது, மொத்த அளவு கூடக்கூட இதயத்தின் மேல் ஒரு கண் வைத்திருப்பது ஆகியவை இதற்குக் கொடுக்கும் விலை.

எட்டோபோசைட் வேறொரு நெருக்கடிக்கானது. மூச்சு திணறி, சிறுநீரகம் தடுமாறி, தட்டணுக்கள் பாதாளத்துக்குப் போய், எலும்பு மஜ்ஜையில் விழுங்கு செல்களே ரத்த அணுக்களை விழுங்கும் நிலைக்குப் போனவர்களுக்கு, நாட்கணக்கில் காத்திருக்க முடியாது. எட்டோபோசைட் சீக்கிரம் பிடிக்கும். தனியாகக் கொடுத்தால் நிறுத்தியதும் நோய் திரும்பிவிடும் என்பதால் ரிட்டுக்சிமாபோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சேர்க்கையைத் தீவிர நிலைக்கு என்று ஒதுக்கி வைத்து, நடமாட்டமும் உறுப்புகளும் நன்றாக இருப்பவர்களுக்கு ரிட்டுக்சிமாப் மட்டும் என்று பிரித்துக் கொடுக்கும் முறையைத்தான் லண்டன் குழு கடைப்பிடித்து நல்ல பலன் கண்டது. எனக்கும் அந்தப் பிரிவினைதான் நியாயமாகத் தோன்றுகிறது. நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவருக்குக் கீமோவின் பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு ரிட்டுக்சிமாபை மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

வைரஸையே அடிக்கும் மருந்துகள்

வைரஸ்தான் காரணம் என்றால் வைரஸ் மருந்து கொடுத்தால் போயிற்று என்று யாருக்கும் தோன்றும். அக்கி, சின்னம்மைக்குத் தரும் அசைக்ளோவிர் இந்த வைரஸிடம் எடுபடுவதில்லை. வால்கேன்சைக்ளோவிரோடு அதிக அளவு ஸிடோவுடின் சேர்த்துக் கொடுக்கும் யோசனை மட்டும் நிலைத்தது, அதன் பின்னாலிருக்கும் சிந்தனை அழகானது. வைரஸ் விழித்திருக்கும் செல்லுக்குள் வைரஸின் இரண்டு நொதிகள் இருக்கும். ஒன்று முதல் மருந்தையும் மற்றொன்று இரண்டாம் மருந்தையும் நஞ்சாக மாற்றும். வைரஸ் தன் கையாலேயே தான் தங்கிய செல்லைக் கொன்றுவிடுகிறது. 2011இல் வெளியான ஆய்வில் 14 பேர். 86 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு ஆறு மாதம்தான். தூங்கும் வைரஸுள்ள செல்லில் அந்த நொதிகள் இருக்காது, ஆகவே அந்தச் செல் தப்பித்துவிடும். போதாததற்கு இரண்டு மருந்துமே எலும்பு மஜ்ஜையை அமுக்குபவை. ஏற்கெனவே ரத்தசோகையில் இருப்பவருக்கு அது பெரிய சுமை. ரிட்டுக்சிமாப் கொடுக்கவே முடியாத நிலையில், அல்லது அதற்குப் பிறகு பலனை நிலைநிறுத்த, இதை நினைக்கலாம். முதல் மருந்தாக நான் நினைக்க மாட்டேன்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சலைக் கண்டு பொறுக்காமல் சீக்கிரமே ஆரம்பித்துவிடுவது பல இடங்களிலும் நடக்கிறது. நாலு நாள் நன்றாக இருக்கும். ஆனால் கபோசி இருந்தால் அதைக் கிளப்பிவிடும், பயாப்ஸிக்கு முன்னால் கொடுத்தால் நெறியின் உருவத்தையே கலைத்துவிடும். மண்ணீரலை அகற்றுவதும் சில மாத ஆறுதலுக்கு மேல் தந்ததில்லை.

எச்.ஐ.வி. மருந்தை இந்த வரிசையில் ஒரு தேர்வாக வைக்கவே கூடாது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணு எண்ணிக்கை நன்றாக இருப்பவர்களுக்கும், எச்.ஐ.வி. அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்களுக்கும் இந்தக் காசல்மேன் வருகிறது. ‘எச்.ஐ.வி. கட்டுக்குள் இருக்கிறது, ஆகவே இந்தக் காய்ச்சல் சாதாரணமானது’ என்று நினைத்துத்தான் பலருக்கும் நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறது. எச்.ஐ.வி. இல்லாதவருக்கும் ரிட்டுக்சிமாபே முதல் மருந்து. அந்த விஷயத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை.

முடிவெடுக்கும் நாளில்

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டியவை குறைவுதான். லானா சாயம் போட்டுப் பார்த்தார்களா? கபோசிக்காகத் தோலையும் வாயையும் முழுசாகப் பார்த்தார்களா? மலத்தில் ரத்தமோ இருமலில் ரத்தமோ இருந்தால் உள்ளேயும் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டு பரிசோதனையும் எடுத்தாயிற்றா? உறுப்புகள் தாங்குகின்றனவா? கபோசி இல்லை, உறுப்புகள் நன்றாக உள்ளன என்றால் ரிட்டுக்சிமாப் மட்டும். கபோசி இருந்தால் டாக்ஸோரூபிசின் கூட. உடல் சரிந்துகொண்டிருந்தால் எட்டோபோசைட் கூட, அதுவும் தாமதிக்காமல். நடுவில் நிற்பவர்கள் இருப்பார்கள். கையில் ஒரே ஒரு சிறிய கபோசித் தழும்பு இருக்கிறது, மற்றபடி நலம் என்றால் என்ன செய்வது? அங்கே இரு பக்கமும் நியாயம் உண்டு. தழும்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு ரிட்டுக்சிமாபை மட்டும் தொடங்கி, பரவினால் மற்றதைச் சேர்க்கலாம் என்ற பக்கம்தான் நான் சாய்வேன். வாரம் ஒருமுறை வந்து காட்ட முடிந்தவருக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

நோய் அடங்கிய பிறகு வைரஸ் ரத்தத்தை விட்டு மறைந்திருக்கும், உடம்பை விட்டுப் போயிருக்காது. சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறது. அதற்கு முன்னால் பெரும்பாலும் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கும். எண்ணிக்கை மட்டும் ஏறி, உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் அதற்காக உடனே மருந்து ஏற்ற வேண்டியதில்லை. இடைவெளியைக் குறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பழைய மாதிரி காய்ச்சல் வந்து இரண்டு நாள் நீடித்தால் அடுத்த மாதத்துத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் காய்ச்சல் இருக்கும்போதே சி.ஆர்.பி., தட்டணு, வைரஸ் எண்ணிக்கை மூன்றையும் எடுத்துவிட வேண்டும். தணிந்த பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். திரும்பியதென்று உறுதியானால் மறுபடியும் ரிட்டுக்சிமாபையே கொடுக்கிறார்கள், பெரும்பாலோருக்கு அது மறுபடியும் கேட்கிறது.